கோப்பை பள்ளிக்கு, ஆப்சென்ட் எனக்கு

படிப்பையும் விளையாட்டையும் சேர்த்துச் சமாளிக்கத் தெரியாதவள் என்று என்னைச் சொல்கிறீர்கள். வகுப்பாசிரியர் சொன்னார். தலைமையாசிரியர் சொன்னார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடச் சொன்னார். எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிளஸ் டூ முடித்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாகிவிட்டது. இப்போதாவது என்னைப் பேச விடுங்கள்.

சமாளிப்பதற்கு என் கையில் எதைக் கொடுத்தீர்கள்? பள்ளி நேரம் உங்களுடையது. காலை ஸ்பெஷல் கிளாஸ், சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை டெஸ்ட் எல்லாம் நீங்கள் வைத்தவை. திருப்புதல் தேர்வு எந்த வாரம் என்று முடிவு செய்தது நீங்கள். மாநிலப் போட்டி எந்த வாரம் என்று முடிவு செய்ததும் உங்களைப் போன்ற பெரியவர்கள்தான். வருகைப் பதிவேடு உங்கள் மேசையில் இருந்தது. போட்டிப் படிவத்தில் போட வேண்டிய கையெழுத்தும் முத்திரையும் உங்கள் அலமாரியில் இருந்தன. என் கையில் மிஞ்சியவை என் தூக்கமும் என் சோறும் மட்டும்தான். அவை இரண்டையும் குறைத்துக்கொண்டேன். அதற்கு மேல் குறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

நான் 800 மீட்டர் ஓடுகிறவள். ஊர் புதுக்கோட்டை மாவட்டம். இந்த ஓட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தை அவரிடமிருந்து பறித்தார்கள். பிறகு அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்ததை நாடே செய்தியாகப் படித்தது. ஓடப் போகிறேன் என்று நான் சொன்ன நாளில் அத்தை அந்தக் கதையைத்தான் எடுத்துப் போட்டாள். "ஜெயிச்சவளுக்கே அந்தக் கதின்னா, உனக்கு என்னடி கிடைக்கப் போகுது?" என்றாள். சாந்தி அக்கா அதோடு முடிந்துபோகவில்லை. பயிற்சியாளர் படிப்பை முடித்து, அரசுப் பணியில் சேர்ந்து, பிள்ளைகளை ஓட வைத்தார். அந்தப் பாதிக் கதை அத்தையின் காதுக்கு வரவே இல்லை.

அம்மாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா கொத்தனார். வேலை இருந்தால் கூலி. படித்தால் ஒரு வேலை, வேலை கிடைத்தால் ஒரு வீடு என்று அம்மா கணக்குப் போட்டதில் என்ன தப்பு? அந்தப் பயத்தோடுதான் அவள் விடியற்காலையில் எழுந்து முட்டை அவித்து வைத்தாள். இருட்டில் மைதானம் வரைக்கும் கூடவே நடந்து வந்து, நான் ஓடி முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். எழுதப் படிக்கத் தடுமாறும் என் அம்மாவுக்கு இரண்டையும் சேர்த்துத் தாங்கத் தெரிந்தது. முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லை.

800 மீட்டர் எப்படிப்பட்ட ஓட்டம் என்று என்னைத் திட்டியவர்களுக்குத் தெரியுமா? இரண்டு சுற்று. முதல் சுற்றை ஆசையால் ஓடிவிடலாம். அறுநூறாவது மீட்டர் தாண்டியதும் தொடை கல்லாகிவிடும். மூச்சு நெஞ்சுக்குள் போகாது. அந்தக் கடைசி இருநூறு மீட்டரைத் தாங்குவதற்காகத்தான் மாதக்கணக்கில் முந்நூறு முந்நூறு மீட்டராக ஓடி, நின்று, மறுபடியும் ஓடிப் பழகுகிறோம். சில வாரம் விட்டால் உடம்பு பழகியதை இழக்கத் தொடங்கிவிடும். திரும்ப அந்த நிலைக்கு வருவதற்கு விட்ட நாளைவிட அதிக நாள் ஆகும். வேதியியலில் ஒரு பாடத்தை ஜனவரியில் விட்டால் பிப்ரவரியில் படித்துக்கொள்ளலாம். 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பள்ளிக்காக ஓடும் கடைசி வருடத்தைத் தவறவிட்டால் எந்த மாதத்தில் போய் அதை ஓடுவது?

பள்ளி விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். முதலில் குறுவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம். அதில் ஜெயித்தால் மாநிலம். அங்கேயும் ஜெயித்தால்தான் தேசியப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் வேறு ஊர், வேறு மைதானம். மாநிலப் போட்டி என்றால் பஸ் பயணமும் சேர்த்துப் பல நாள். மேலே போகப் போகத்தான் சான்றிதழுக்கு மதிப்பு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம் என்று மேடையில் சொல்கிறீர்கள். அந்த இடத்துக்குப் போகும் வழி முழுவதும் பள்ளி வேலை நாட்களில்தான் இருக்கிறது. வழியில் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேராக ஆப்சென்ட் விழுகிறது. கதவைத் திறந்து வைத்தவர்களும் நீங்களே, அதை நோக்கி நடந்தால் காலைப் பிடித்து இழுக்கிறவர்களும் நீங்களே என்றால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

பத்தாம் வகுப்பில் குறுவட்டத்தில் முதலிடம் வாங்கிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை பிரேயரில் கோப்பையைக் கையில் கொடுத்து எல்லோரையும் கை தட்டச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தக் கோப்பை தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது. அதே நாள் மூன்றாம் பீரியடில் கணக்கு ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தி, "வெள்ளிக்கிழமை ஏன் வரல?" என்று கேட்டார். காலையில் கை தட்டியவர்களில் அவரும் ஒருவர். ஓடப் போனேன் என்றதும், "ஓடி என்ன கிழிக்கப் போற? டெஸ்ட்ல ஆப்சென்ட் போட்டிருக்கேன், வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார். பள்ளியின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு, பள்ளியே அனுப்பி வைத்துத்தானே நான் போனேன்? பள்ளிக்காகப் போன நாள் எப்படிப் பள்ளிக்கு வராத நாளாகும்?

இது வெறும் மனக்குறை இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் அகமதிப்பீடு 10 மதிப்பெண். அதில் வருகைப் பதிவுக்கு ஒரு பங்கு, பள்ளி வைக்கும் தேர்வுகளுக்கு ஒரு பங்கு. போட்டிக்குப் போன நாளை விடுப்பாக எழுதினால் முதல் பங்கு குறையும். அன்றைக்கு நடந்த தேர்வுக்கு மறு தேர்வு தராவிட்டால் இரண்டாவது பங்கும் குறையும். ஒரு மதிப்பெண், அரை மதிப்பெண் வித்தியாசத்தில் தரவரிசை மாறும் ஊரில், பள்ளிக்குக் கோப்பை கொண்டுவந்ததற்காக என் மதிப்பெண்ணை வெட்டினீர்கள். செய்யாத குற்றத்துக்கு இப்படித் தவணை தவணையாக அபராதம் கட்டினேன்.

எங்கள் பி.இ.டி. சாரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவர் பகுதிநேர ஆசிரியர். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று சிறப்புப் பாடங்களுக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் அரசு எடுத்ததே, அவர்களில் ஒருவர். வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் அவருக்கு வேலை. பணி நிரந்தரம் கேட்டு சென்னைக்குப் போய்ப் போராடிவிட்டு வந்து, மறுநாள் காலையில் எங்களுக்கு ஸ்டாப் வாட்ச் பிடித்தவர். மே மாதச் சம்பளம் இல்லாமல் கடன் வாங்கிச் சாப்பிட்ட அந்த மனிதர், போட்டிக்குப் போகும் வழியில் எங்களுக்குத் தன் காசில் இட்லி வாங்கிக் கொடுத்தார். "பாப்பா, ஓட்டத்துக்கு முன்னாடி காரம் தின்னாதே" என்பார். ஆசிரியர் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கடைசி வரிசையில். என் வருகைக்காக அவர் பேசப் போனால், "நீங்க உங்க வேலைய மட்டும் பாருங்க சார்" என்று வாயை அடைத்தார்கள். எங்களுக்காகப் பேச ஒரே ஒரு ஆளை வைத்துவிட்டு, அவருக்கும் குரல் இல்லாமல் செய்திருக்கிறீர்கள்.

வாரத்தில் விளையாட்டுக்கென்று இருக்கும் பீரியடையாவது விட்டுவைத்தீர்களா? எட்டாம் வகுப்பு வரைக்கும் மைதானத்துக்கு விட்டார்கள். ஒன்பதில் கணக்குக்குப் போனது. பத்தில் அறிவியலுக்குப் போனது. பிளஸ் டூவில் அட்டவணையில் எழுதியிருந்ததோடு சரி. விளையாட்டு அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடைகளில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் பி.இ.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அமைச்சர் கேட்டே நடக்காத காரியத்தை, எப்போதும் இப்படித்தான் என்று வாயடைக்கப்படும் ஒரு மாணவி கேட்டா நடக்கும்?

பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமை. ஸ்பெஷல் கிளாஸ் முடியும்போது இருட்டிவிடும். பையன்கள் அதற்குப் பிறகும் மைதானத்துக்குப் போவார்கள். நாங்கள் போக முடியாது. விளக்கு இல்லை. உடை மாற்ற அறை இல்லை. மைதானத்துக் கழிப்பறை பூட்டியே கிடக்கும். மாதவிடாய் நாளில் போட்டி வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். ரத்தம் குறைவு என்று பள்ளியில் வாரம் ஒரு மாத்திரை தருகிறீர்கள். அந்தக் குறைந்த ரத்தத்தோடுதான் விடிகாலையில் ஓடிவிட்டு, குளித்து, பஸ்ஸைப் பிடித்து, காலை ஸ்பெஷல் கிளாஸில் வந்து உட்கார்கிறோம். கண் சொக்கினால் வெளியே நிற்கச் சொல்கிறீர்கள். ஆறாம் வகுப்பில் என்னோடு ஓடியவர்கள் ஒரு பட்டாளம். பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பிளஸ் டூவில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாருமே இல்லை. அவர்களுக்கெல்லாம் ஆர்வம் போய்விட்டது என்கிறீர்கள். ஆர்வம் தானாகப் போகவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை, வகுப்பில் ஒரு வார்த்தை என்று ஒவ்வொருத்தியையும் நீங்கள் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

எங்கள் செட்டுக்கு மூன்று வருடமும் பொதுத்தேர்வு. பத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ. மூச்சு வாங்க ஒரு வருடம் கிடையாது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது; தங்கைகளுக்கு நல்லது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்தப் பிளஸ் ஒன்னிலும் மாநிலப் போட்டிக்குப் போய் இறுதிச் சுற்றில் ஓடினேன். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் முன்னால் ஓடியவர்களின் முதுகு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பார்த்துவிட்டேன். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அடுத்த வருடம் பிடித்துவிடலாம் என்று சாரும் சொன்னார், என் காலும் சொன்னது.

அந்த அடுத்த வருடத்தை என்ன செய்தீர்கள் என்று சொல்கிறேன். பிளஸ் டூவில் வருவாய் மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன். மாநிலப் போட்டி நடந்த வாரத்தில் பள்ளியில் திருப்புதல் தேர்வு. தகுதிப் படிவத்தில் போட்டோ ஒட்டி, பிறந்த தேதி எழுதி, கையெழுத்துக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றேன். அவர் படிவத்தைப் பார்த்தார். "பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேணும். இந்த நேரத்துல நான் யாரையும் அனுப்பறதா இல்ல. படிப்பா, ஓட்டமா, நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். நானே முடிவு செய்யலாம் என்றால் பேனாவை ஏன் மூடி வைத்தார்? நான் எந்தப் பாடத்திலும் பெயில் ஆனவள் இல்லை. திரும்பி வந்து அந்தத் தேர்வை எழுதிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன், எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். அது பொதுத்தேர்வுகூட இல்லை. பள்ளிக்குள் நடக்கும் பயிற்சித் தேர்வு. கையெழுத்து விழவில்லை. பஸ் போய்விட்டது. என் பிரிவில் எங்கள் மாவட்டத்துக்கு ஆளில்லாமல் ஓட்டம் நடந்தது. நான் அன்றைக்கு இயற்பியல் திருப்புதல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன்.

அழாதே, செஸ் ஆடும் பிரக்ஞானந்தாவைப் பார் என்கிறீர்கள். 2022 மே மாதம் நள்ளிரவு தாண்டி அனிஷ் கிரியைத் தோற்கடித்துவிட்டு, காலை 8.45க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பிளஸ் ஒன் தேர்வு இருக்கிறது என்று சொன்ன தம்பியை ஊரே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். ஆனால் தூங்காத ஒரு பதினாறு வயதுப் பையனைப் பார்த்து, இவனை இரண்டு நாள் தூங்க விட்டுத் தேர்வு வைத்தால் என்ன என்று கேட்டவர் எத்தனை பேர்? குகேஷைப் பார் என்கிறீர்கள். 18 வயதில் செஸ் உலக சாம்பியன். நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் தினமும் பள்ளிக்குப் போகவில்லை. டாக்டரான அப்பா தன் தொழிலை நிறுத்திவிட்டுப் போட்டிகளுக்குக் கூடவே போனார். அவர்கள் உழைப்பைக் கும்பிடுகிறேன். ஆனால் என் அப்பா ஒரு வாரம் கரண்டியைக் கீழே வைத்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களுக்குப் பள்ளி வழிவிட்டது. எங்களுக்கு ஒரு கையெழுத்துக்கூடக் கிடைக்கவில்லை.

மேலே இருப்பவர்களின் அக்கறையையும் பார்த்துவிட்டோம். 2023 ஜூனில் டெல்லியிலும் போபாலிலும் குவாலியரிலும் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போகவே இல்லை. போட்டி பற்றிய தகவலை உரிய நேரத்தில் அதிகாரிகள் சொல்லவில்லை என்பதுதான் காரணம். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு ஒரு கடிதம் நகராததால் போனது. அதற்கு அடுத்த ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தன. பதக்கப் பட்டியலில் தமிழ்நாடு இரண்டாமிடம். வென்றால் மாநிலத்தின் பெருமை. போட்டிக்கே போக முடியாமல் நின்றால் மட்டும் அந்தப் பிள்ளையின் தலையெழுத்து.

நான் கேட்பது சலுகை இல்லை. தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வையே பின்னொரு நாளில் வைக்க சி.பி.எஸ்.இ. வழி செய்திருக்கிறது. ஒரு பயிற்சித் தேர்வைத் தள்ளி வைக்க எங்கள் பள்ளிகளால் ஏன் முடியாது? பள்ளி அனுப்பிப் போன நாளை வருகை நாளாக எழுதுங்கள். அன்றைக்கு நடந்த தேர்வை வேறு வினாத்தாளோடு திரும்ப வையுங்கள். விட்டுப்போன பாடத்துக்கு யாராவது ஒரு ஆசிரியர் அரை மணி நேரம் எங்களோடு உட்காருங்கள். ஜூன் மாதத்திலேயே முதன்மைக் கல்வி அலுவலரும் மாவட்ட விளையாட்டு அலுவலரும் ஒரே அறையில் உட்கார்ந்து, எந்த வாரம் தேர்வு, எந்த வாரம் போட்டி என்று சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண்ணைக் காட்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் அதிகாரம் எந்தத் தலைமையாசிரியருக்கும் வேண்டாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். அதை எதிர்த்து மேலே முறையிட எங்களுக்கு ஓர் இடம் இருக்கட்டும். பி.இ.டி. சாருக்கு முழு நேர வேலையும் முழுச் சம்பளமும் கொடுங்கள். மைதானத்துக்கு விளக்கும், திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும் கொடுங்கள். இவற்றில் எதற்கு ஒலிம்பிக் பட்ஜெட் வேண்டும்?

எனக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. நான் கேட்ட பாடம் இல்லை; கிடைத்த பாடம். அங்கேயும் ஓடுவேன். ஆனால் பள்ளிக்காக ஓட வேண்டிய அந்தக் கடைசி 800 மீட்டரை எவராலும் எனக்குத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் அடுத்து வருகிறவளுக்காகப் பேசுகிறேன். இந்த ஜூனில் எங்கள் ஊரிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகும் சின்னப் பெண் ஒருத்தி என்னைவிட வேகமாக ஓடுகிறாள், கணக்கிலும் கெட்டிக்காரி. அவளுக்கு இரண்டும் வரும். இரண்டில் எதை விடுகிறாய் என்று அவளிடம் எவரும் கேட்கக் கூடாது. அவளை அனுப்ப மறுக்கும் கை, அவள் வென்று கொண்டுவரும் கோப்பையைத் தொடவும் கூடாது.